ஆறு மாதம் என்று எழுதி வைத்தேன்: ஓர் ஆர்கேட் சண்டை விளையாட்டை வீட்டுக் கன்சோலுக்குக் கொண்டுவந்த கதை

ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தேன். முடிய இரண்டு ஆண்டு எட்டு மாதம் ஆயிற்று. வேலையிலிருந்து திரும்பிய பிறகான இரவுகளும் ஏறக்குறைய எல்லா ஞாயிற்றுக்கிழமைகளும் அதில் கரைந்தன. கையிலிருந்து போன பணம் என் ஐந்து மாதச் சம்பளம்; அதில் இரண்டு மாதச் சம்பளம் முற்றிலும் வீண். செய்த காரியம் இதுதான்: தொண்ணூறுகளின் தொடக்கத்தில், காசு போட்டு ஆடும் ஆர்கேட் எந்திரங்களில் ஓடிய, இருவர் மோதும் சண்டை விளையாட்டு ஒன்றை, அது அந்தக் காலத்தில் வந்தே சேராத செகா மெகா டிரைவ் கன்சோலுக்கு மாற்றினேன். விளையாட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒப்பந்தம் அப்படி. தவிரவும் இங்கே வரும் தவறுகளில் பெரும்பாலானவை என்னுடையவை. தொடங்குவதற்கு முன் இவற்றில் நான்கைந்தை யாராவது என் காதில் போட்டிருந்தால் ஓர் ஆண்டாவது மிஞ்சியிருக்கும்.

முதல் ஏமாற்றம் நம்பிக்கையிலிருந்தே வந்தது. அந்த ஆர்கேட் எந்திரத்துக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையின் மூளை மோட்டோரோலா 68000 சிப். மெகா டிரைவிலும் அதே 68000தான். அங்கே 10 மெகாஹெர்ட்ஸ், இங்கே 7.67. அதே குதிரை, கொஞ்சம் மெதுவாக ஓடும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். காப்காமின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஓடிய சிபிஎஸ்-1 பலகையும் 68000 கொண்டதுதான். 1993இல் அதன் ஒரு பதிப்பு மெகா டிரைவுக்கு வரவில்லையா என்று எனக்கு நானே சான்று காட்டிக்கொண்டேன். அந்தச் சான்றையாவது ஒழுங்காகப் படித்திருக்கலாம். 1991இன் ஆர்கேட் பலகையில் படங்களுக்கு மட்டும் 6 மெகாபைட் ரோம், அதாவது அழியாத நினைவகம், இருந்தது. 1992இல் சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்தபோது படம், ஒலி, புரோகிராம் எல்லாம் சேர்ந்து 16 மெகாபிட், அதாவது 2 மெகாபைட் கார்ட்ரிட்ஜில் அடங்க வேண்டியிருந்தது. மெகா டிரைவ் பதிப்புக்கு 24 மெகாபிட் கொடுத்தார்கள். அதுவரை கையில் பிடித்து ஆடிய மூன்று பட்டன் கட்டுப்பான் போதாதென்று ஆறு பட்டன் கட்டுப்பானே புதிதாக வந்தது. பெரிய நிறுவனங்களின் ஆட்கள் இவ்வளவு வெட்டியும் ஒட்டியும் செய்த வேலையை நான் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்யக் கிளம்பியிருந்தேன்.

சிப் ஒன்றாக இருப்பதில் பெரிய பயன் இல்லை என்பது இரண்டாம் மாதத்தில் புரிந்தது. ஆர்கேட் பலகை படங்களை ரோமிலிருந்து நேராக எடுத்துத் திரையில் காட்டிவிடும். எந்தக் கணத்தில் எந்தப் படம் வேண்டுமானாலும் தயார். மெகா டிரைவில் படம் முதலில் 64 கிலோபைட் வீடியோ நினைவகத்துக்குள் வர வேண்டும். அங்கே கொண்டுசெல்ல வசதியான நேரம், திரையின் கடைசி வரியை வரைந்து முடித்து மறுபடி முதல் வரிக்குத் திரும்பும் அந்தச் சிறு இடைவெளி மட்டுமே. 60 ஹெர்ட்ஸ் கன்சோலில் மொத்தம் 262 வரி, அதில் 224 வரி படம். மிஞ்சும் வரிகளில், வரிக்கு 205 பைட் வீதம், ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரை ஒருமுறை வரையப்படுவதற்குள், சுமார் 7,300 பைட் கடத்தலாம். இப்போது என் வீரனைப் பாருங்கள். 80 பிக்சல் அகலம், 112 பிக்சல் உயரம். எட்டுக்கு எட்டு பிக்சல் டைலாக வெட்டினால் 140 டைல். டைலுக்கு 32 பைட் என்றால் 4,480 பைட். ஒருவனுக்கு இடம் இருக்கிறது. இருவரும் ஒரே கணத்தில் நிலை மாறினால் 8,960 பைட். இடம் இல்லை. சண்டை விளையாட்டில் இருவரும் ஒரே கணத்தில் நிலை மாறாமல் என்ன செய்வார்கள்? அடிப்பவனும் அடி வாங்குபவனும் ஒன்றாகத்தானே மாறுகிறார்கள்!

இந்தக் கணக்கைப் போட ஒரு தாளும் பத்து நிமிடமும் போதும். நான் போட்டது எட்டாவது மாதத்தில். அதற்குள் ஓவியர் ஒருவருக்குக் காசு கொடுத்து நான்கு வீரர்களின் எல்லா அசைவுகளையும் வரைய வைத்திருந்தேன். அவர் வரைந்ததில் பாதிக்குமேல் கழிந்தது. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் கேட்டதை அவர் வரைந்தார். ஒரு வீரனின் ஒரு நிலைக்கு எத்தனை டைல் வரை போகலாம், ஒரு அசைவுக்கு எத்தனை நிலை, மொத்த ரோம் எவ்வளவு என்ற மூன்று எண்களையும் கையில் வைத்துக்கொள்ளாமல் ஓவியரை அழைக்காதீர்கள். பின்னால் நான் செய்த சமாளிப்புகளையும் சொல்லிவிடுகிறேன். படத்தின் உயரத்தை 224 வரியிலிருந்து 208ஆகக் குறைத்து மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டேன். 16 வரி கூடுதலாகக் கிடைத்தது. கடத்தல் அளவு 10,600 பைட்டைத் தொட்டது. வெறுமையான டைல்களைக் கழித்தேன். நீட்டிய கைக்குக் கீழே இருக்கும் காற்றை எதற்குச் சுமக்க வேண்டும்? ஒவ்வொரு வீரனுக்கும் நினைவகத்தில் இரண்டு இடம் ஒதுக்கி, ஒன்று திரையில் நிற்கும்போது அடுத்ததை மற்றதில் ஏற்றினேன். அந்தக் கறுப்புப் பட்டையைப் பழைய விளையாட்டுகளில் பார்க்கும்போதெல்லாம் சோம்பேறித்தனம் என்று நினைத்தவன் நான். அந்தப் புரோகிராமர்களிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். இலவசமாகக் கிடைத்தது என்று இதையும் நினைத்துவிட வேண்டாம்: ரோமிலிருந்து கடத்தல் நடக்கும் நேரம் முழுக்க 68000 கைகட்டி நிற்கும், ஒலியைக் கவனிக்கும் இசட்-80 சிப்பும் ரோமைத் தொட முடியாது. என் வீரர்களின் கத்தல் தொண்டை கட்டியவர் பேச்சைப்போல வந்ததற்குக் காரணம் அதுதான் என்று கண்டுபிடிக்க மட்டும் ஒரு மாதம் ஓடிற்று.

நிறங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் அழுவதைத் தவிர அதிகம் செய்வதற்கில்லை. நான்கு பேலட், அதாவது நிறத் தொகுதி, ஒவ்வொன்றிலும் 15 நிறம். இரு வீரர்களுக்கு இரண்டு போனால் பின்னணி, உயிர்ப் பட்டை, பறக்கும் நெருப்புப் பந்து எல்லாவற்றுக்கும் மீதி இரண்டு. நெருப்புப் பந்தை வீசுபவனின் நிறங்களிலேயே வரையச் சொல்லுங்கள். தோல் நிறத்தில் ஆரஞ்சு ஏற்கெனவே இருக்கும்.

அகலம் வேறு ஒரு தலைவலி. ஆர்கேட் திரை 384 பிக்சல், கன்சோல் திரை 320. ஆறில் ஐந்து பங்கு. ஆறு நெடுவரிசைக்கு ஒன்றைக் கழிக்கும் சிறு புரோகிராம் எழுதி எல்லாப் படங்களையும் ஒரே இரவில் சுருக்கிவிட்டுப் பெருமையோடு படுத்தேன். காலையில் பார்த்தால் ஒருவனுக்கு ஒரு கண் இல்லை. இன்னொருவனின் முழங்கால் நடக்கும்போது மறைந்து மறைந்து வந்தது. முகமும் கையும் கையால்தான் திருத்த வேண்டும், குறுக்குவழி கிடையாது. ஆனால் உண்மையான பள்ளம் படத்தில் இல்லை, கணக்கில் இருந்தது. படத்தைச் சுருக்கினால் நடை வேகமும் தாண்டும் தூரமும் அடி படும் கட்டங்களும் சேர்ந்து சுருங்க வேண்டும். ஆர்கேடில் ஒரு ஃபிரேமுக்கு 3 பிக்சல் நடந்தவன் இங்கே இரண்டரைப் பிக்சல் நடக்க வேண்டும். நான் மூன்று என்றே விட்டேன். வேறொருவனுக்கு 2 என்பது 1.67 ஆக வேண்டும். அதையும் இரண்டென்றே விட்டேன். முழு எண்ணாக இருந்தால் வசதி, அரைப் பிக்சலில் என்ன கெட்டுப்போகிறது என்று எண்ணம்.

என்ன கெட்டுப்போயிற்று என்பதை ஒரு நண்பன்தான் காட்டினான். அந்த விளையாட்டில் சிறுவயதிலிருந்தே என்னைத் தோற்கடித்துக்கொண்டிருந்தவன். பதினான்காவது மாதம் அவனை அழைத்து உட்கார வைத்தேன். பத்து நிமிடம் ஆடினான். கட்டுப்பானைக் கீழே வைத்துவிட்டு, "படமெல்லாம் அழகாக வந்திருக்கிறது. ஆனால் இது அந்த விளையாட்டு இல்லை" என்றான். எங்கே தவறு என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. "நான் உதைத்தால் அவனுக்குப் படக்கூடாத இடத்தில் படுகிறது, பட வேண்டிய இடத்தில் படவில்லை. அடித்தால் அடித்தது போலவே இல்லை." அவ்வளவுதான். அவன் போன பிறகு மூன்று வாரம் நான் அந்தக் கோப்புகளைத் திறக்கவில்லை. கோபம் அவன் மேல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு செய்ததை முதல் நாளே செய்திருக்க வேண்டும். அசல் பலகை ஓடும் எந்திரத்தைத் தேடிப்போய், விநாடிக்கு 60 ஃபிரேம் வீதம் திரையையும் பட்டன்களையும் சேர்த்துப் படமெடுத்தேன். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு அடியையும் ஃபிரேம் ஃபிரேமாக எண்ணினேன். பட்டன் அழுத்தியதிலிருந்து கை நீள எத்தனை ஃபிரேம், நீண்ட கை எத்தனை ஃபிரேம் ஆபத்தானது, திரும்ப எத்தனை ஃபிரேம். எட்டு வீரர்கள், ஒவ்வொருவருக்கும் நின்றபடி, குனிந்தபடி, தாண்டியபடி. ஐந்து வாரம் ஆயிற்று. அந்த அட்டவணையில்தான் என் மிகப்பெரிய முட்டாள்தனம் வெளிப்பட்டது. அடி விழும் கணத்தில் இருவரும் சில ஃபிரேம் அப்படியே உறைந்து நிற்பார்கள். அதைப் பழைய பலகையின் திணறல் என்று நினைத்து நான் 'சரிசெய்து' எடுத்துவிட்டிருந்தேன்! அது திணறல் இல்லை, வேண்டுமென்றே வைத்தது. அடியின் கனமே அந்த உறைதலில்தான் இருக்கிறது. அந்தச் சில ஃபிரேமுக்குள்தான் ஆடுபவர் அடுத்த அடிக்கான பட்டனைத் தட்டித் தொடுக்கிறார். இந்த வகை விளையாட்டுகளில் பிழை எது, பண்பு எது என்று வெளியிலிருந்து முடிவுசெய்வது ஆபத்து. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் அடிகளைத் தொடராகக் கோக்கும் காம்போவே திட்டமிட்டு வைத்ததில்லை. கார் உடைக்கும் போனஸ் சுற்றைச் சோதிக்கும்போது தயாரிப்பாளர் நோரிதகா ஃபுனமிசு கண்ணில் பட்டு, அப்படியே விடப்பட்டது. பிறகு அந்த வகை விளையாட்டுக்கே அது முதுகெலும்பாயிற்று. ஆகவே உங்களுக்குத் தவறு என்று தோன்றுவதையும் முதலில் அப்படியே பெயர்த்து வையுங்கள். எடுப்பதைப் பிறகு யோசிக்கலாம்.

நடை, தூரம், கட்டங்கள் எல்லாவற்றையும் அதற்குப் பிறகு அடியோடு மாற்றினேன். விளையாட்டின் உள்கணக்கு முழுவதும் அசல் 384 பிக்சல் உலகத்திலேயே நடக்கும். யார் எங்கே நிற்கிறார், யாருக்கு அடி பட்டது எல்லாம் பழைய எண்களில். திரையில் வைக்கும் கடைசிக் கணத்தில் மட்டும் ஆறில் ஐந்தாகச் சுருக்கம். அதையும் ஒவ்வொரு முறையும் பெருக்கிக்கொண்டிருக்கவில்லை. 68000இல் ஒரு பெருக்கல் 70 கடிகாரச் சுழற்சி வரை தின்னும். 384 எண்களுக்கும் விடையை முன்கூட்டியே எழுதிய அட்டவணை, எடுத்துப் பார்த்தால் தீர்ந்தது. இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு பெரும்பாலான புகார்கள் தாமாகவே மறைந்தன. முதல் நாளே இப்படித் தொடங்கியிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன்.

பட்டன்களின் கதை தனி. ஆறு பட்டன் கட்டுப்பானைப் படிக்க ஒரு கம்பியை மேலும் கீழுமாகப் பலமுறை மாற்ற வேண்டும். எத்தனையாவது மாற்றம் என்பதைக் கட்டுப்பான் எண்ணிக்கொண்டு அதற்கேற்ற பட்டன்களைச் சொல்லும். சுமார் ஒன்றரை மில்லிவிநாடி சும்மா விட்டால்தான் அந்த எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பும். என் புரோகிராமில் சண்டைக்காக ஒருமுறையும், இடைநிறுத்தப் பட்டனுக்காக உடனே இன்னொரு முறையும் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது படிப்பு பாதி எண்ணிக்கையில் போய் விழும். குத்தினால் உதைத்தான், சில சமயம் ஒன்றுமே செய்யவில்லை. மூன்று வாரம் பட்டன்களின் ரப்பரைக்கூடச் சந்தேகப்பட்டேன். ஃபிரேமுக்கு ஒருமுறை படித்து ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, எல்லாரும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று: சிறப்பு அடிகளுக்காகக் கீழ், குறுக்கு, முன் என்று ஜாய்ஸ்டிக்கைச் சுழற்றும்போது கை தானாகவே குறுக்குத் திசையைத் தொட்டுப்போகும். கட்டை விரலால் தட்டும்போது அந்தக் குறுக்கு அடிக்கடி தவறும். ஆகவே கொஞ்சம் இளக்கம் கொடுத்தே ஆக வேண்டும். நான் இளக்கத்தை அள்ளி வழங்கியதில், சும்மா முன்னால் நடந்து குத்தியவனெல்லாம் வானத்துக்கு எகிறிக் குத்தினான். இதற்கு எண் எதுவும் என்னிடம் இல்லை. ஜாய்ஸ்டிக் பழகியவர், கட்டுப்பான் மட்டும் பழகியவர், இரண்டும் தெரியாதவர் என்று மூன்று பேரை உட்கார வைத்து, மூவருக்கும் சமமாக எரிச்சல் வரும் இடத்தில் நிறுத்தினேன்.

பதினொரு மாதம் வரை எல்லாச் சோதனையையும், கணினியில் கன்சோலைப்போல நடிக்கும் எமுலேட்டரிலேயே செய்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நிஜக் கன்சோலில் முதன்முதலாகப் போட்டபோது திரை முழுக்கக் குப்பை. எமுலேட்டர் நினைவகத்தைத் துடைத்துச் சுத்தமாகக் கொடுத்திருந்தது. நிஜக் கன்சோல் இயக்கியதும் அதில் என்ன கிடக்கிறதோ அதைத்தான் கொடுக்கும். வாரம் ஒருமுறையாவது நிஜப் பொருளில் ஓட்டிப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் கன்சோல் வைத்திருப்பவர் ஒருவரையும் தேடிப் பிடியுங்கள். அங்கே விளையாட்டு ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும். 6 ஃபிரேம் குத்து 100 மில்லிவிநாடியிலிருந்து 120க்குப் போகும், பழகிய கை அதை உடனே உணரும். ஐந்து ஃபிரேமுக்கு ஒருமுறை கணக்கை இரண்டு தடவை ஓடவிட்டுச் சமாளித்தேன். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கன்சோலில் 313 வரி என்பதால் படம் கடத்த நேரம் தாராளம்.

இனி பணம் போன இடங்கள். உரிமை விஷயத்தில் நான் நேர்மையாகத்தான் தொடங்கினேன். அந்த விளையாட்டின் ஓவியர்களில் ஒருவரைக் கண்டுபிடித்து எழுதினேன். அவர் மகிழ்ச்சியோடு "செய்யுங்கள்" என்றார். அதையே அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். அவரிடம் உரிமையே இல்லை. நிறுவனம் மூடப்பட்டு, உரிமை இரண்டு கைகள் மாறி, வேறொரு நிறுவனத்திடம் இருந்தது. பத்தொன்பதாவது மாதம் அங்கிருந்து கடிதம் வந்தது. மரியாதையான கடிதம்தான், படித்துவிட்டு இரவு முழுக்கத் தூங்கவில்லை. நான்கு மாதப் பேச்சுக்குப் பிறகு 200 பிரதிகளுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது, முன்பணத்தோடு. வழக்கறிஞருக்கும் முன்பணத்துக்குமாக ஒன்றரை மாதச் சம்பளம். முதல் வரி எழுதுவதற்கு முன் கேட்டிருந்தால் முன்பணம் குறைந்திருக்கும் என்று பிறகு அவர்களே சொன்னார்கள். முடித்து வைத்திருப்பவனிடம் யார் குறைத்துக் கேட்பார்கள்? வரைந்தவர், எழுதியவர், இசையமைத்தவர் யாரிடம் பேசினாலும் பேசுங்கள், ஆனால் இன்று உரிமை யார் பெயரில் இருக்கிறது என்பதற்கான காகிதத்தைப் பார்க்கும்வரை ஓவியருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

முற்றிலும் வீணான பணத்தில் ஓவியருக்குப் போனது ஒரு பாதி, கார்ட்ரிட்ஜ் பலகைக்குப் போனது மறு பாதி. மலிவாகக் கிடைத்தது என்று 200 பலகை வாங்கினேன். மெகா டிரைவ் 5 வோல்ட்டில் இயங்கும் கன்சோல். வந்த பலகையில் இருந்தது 3.3 வோல்ட் நினைவகச் சிப், நடுவே மின்னழுத்தத்தை மாற்றும் சிப் எதுவும் இல்லை. ஓடும், அதுதான் இதில் உள்ள கெடுதல். மூன்று பலகையைப் போட்டுப் பார்த்தேன், மூன்றும் ஓடின. ஆனால் சிப்பும் அதன் அளவுக்கு மேல் அடி வாங்குகிறது, கன்சோலும் மெல்ல மெல்ல வாங்குகிறது. மின்னணுப் பழுது பார்க்கும் ஒருவர் பலகையைத் திருப்பிப் பார்த்த மாத்திரத்தில், "இதை யாருக்கும் விற்றுவிடாதீர்கள்" என்றார். விற்பனை செய்தவர் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். சரியான பலகை ஏறக்குறைய மூன்று மடங்கு விலை. வாங்குவதற்கு முன் சிப்பின் மேல் உள்ள எண்ணைக் கேட்டு வாங்கி, அதன் தகவல் தாளில் வோல்ட்டைப் பாருங்கள். சொல்ல மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

இருநூற்றில் 183 விற்றிருக்கின்றன. செலவில் பாதிக்கு மேல் திரும்பிவிட்டது, நேரத்துக்குக் கூலி போடவில்லை. அந்த நண்பனுக்கு ஒன்று அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து, ஐந்தாவது வீரனின் குனிந்த உதை அசலைவிட ஒரு ஃபிரேம் முந்துகிறது என்று எழுதினான். அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். முந்தத்தான் செய்கிறது.